ஒரு பழைய காருக்கு எத்தனை பேரீச்சம்பழம்?

இந்த எபிசோட ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க வீட்டு வாசல்ல ஓடாத கார் ஒண்ணு நிக்குது. யாராவது வந்து எடுத்துட்டுப் போனா போதும்ங்கிற நிலைமை. வர்றவர் "எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?"ன்னு கேக்குறாரு. நீங்க என்ன சொல்லுவீங்க?

2024ல எங்க வீட்டுக்கு இந்தக் கேள்வி வந்துச்சு. அப்பாவோட மாருதி 800. வெள்ளைக் கலர், 1996 அக்டோபர்ல சென்னையில ரெஜிஸ்டர் பண்ணது. 15 வருஷம் முடிஞ்சதும் 2011ல ஒரு தடவ, 2016ல இன்னொரு தடவ, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வரிசையில நின்னு பதிவைப் புதுப்பிச்சாரு. 2021ல கொரோனா நேரம். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போட்டாரு. 2022 ஏப்ரல் 1ல இருந்து, 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆயிடுச்சு. அதோட அப்பா அந்தப் பேச்சையே விட்டுட்டாரு. வண்டி மேல தார்ப்பாய் ஏறுச்சு. தார்ப்பாய் மேல பூனை ஏறுச்சு.

கடைசியில ஒருநாள் அம்மா, "அதை எடுத்துட்டா துளசி மாடம் வைக்கலாம்"னு சொன்னாங்க. விலை விசாரிக்க ஆரம்பிச்சோம்.

முதல்ல வந்தவர் பக்கத்துத் தெரு காயலான் கடைக்காரர். பானட்டைத் திறக்கவே இல்ல. வண்டிய ஒரு சுத்து சுத்தினாரு. கதவோட அடி ஓரத்தைக் கட்டைவிரலால அழுத்திப் பாத்தாரு. குனிஞ்சு அடியில எதையோ தேடினாரு. ஒரு நிமிஷம்தான். "பன்னண்டாயிரம் சார். ஆர்.சி. புக்கையும் அப்படியே கையில குடுத்தீங்கன்னா பதினஞ்சு."

ரெண்டாவது, எங்க மெக்கானிக் அண்ணன் கூட்டிட்டு வந்த ஆள். புதுப்பேட்டையில பழைய பார்ட்ஸ் கடை வச்சிருக்காரு. அவரு நேரா பானட்டைத்தான் திறந்தாரு. வேற பேட்டரி மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டாரு. "இருபது குடுக்கலாம்."

மூணாவது, அரசுப் பதிவு பெற்ற ஸ்க்ராப் மையம். போன்லயே மாடல், வருஷம் கேட்டுட்டு பதினாலாயிரம் சொன்னாங்க. கூட ஒரு சர்டிஃபிகேட்.

அம்மா சிரிச்சாங்க. "ஒரே கார், மூணு விலை. தக்காளிக்காரர்கூட தெருவுக்குத் தெரு இவ்வளவு வித்தியாசம் சொல்ல மாட்டாரு."

எனக்கு விலை வித்தியாசத்தை விட, அந்த மூவாயிரம்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இரும்பு வாங்க வந்தவர் ஒரு காகிதத்துக்கு ஏன் மூவாயிரம் ரூபாய் தரணும்? இன்னிக்குப் பேசப் போற வரலாறு எல்லாம், எனக்கு இந்தக் கேள்வியில இருந்து வந்ததுதான்.

எடை சொல்ற விலை

நம்ம ஊர்ல ஓட்டை வண்டியக் கிண்டல் பண்ண ஒரே ஒரு வரி போதும்: "இதைப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்." தள்ளுவண்டியில தராசோட வந்து, பழைய இரும்பு, ஈயம், பித்தளையை எடுத்துக்கிட்டு பேரீச்சம்பழம் நிறுத்துக் குடுப்பாங்களே, அந்த வியாபாரத்துல இருந்து வந்த கிண்டல். அந்தத் தராசுக்கு ஒரு விஷயம் மட்டும்தான் தெரியும். எடை. உங்க சைக்கிள் ரேஸ்ல ஜெயிச்சதா, தாத்தா ஓட்டினதாங்கிறதெல்லாம் அதுக்குத் தெரியாது.

முதல்ல வந்தவர் போட்டது அந்தக் கணக்கைத்தான். நாமளும் போட்டுப் பாக்கலாம். பழைய மாருதி 800 சுமார் 650 கிலோ. ஒரு காரோட எடையில தோராயமா 70 சதவீதம் இரும்பும் எஃகும். அதாவது 455 கிலோ. கிலோ 30 ரூபாய்னு வச்சுக்குவோம். 13,650 ரூபாய். இதுல வண்டிய இழுத்துட்டுப் போற செலவு, கேஸ் கட்டர் வச்சு வெட்டுற கூலி, அவரோட லாபம் எல்லாம் கழியும். ரேடியேட்டர், இன்ஜின்ல இருக்குற அலுமினியம், வயரிங்ல இருக்குற செம்பு, பேட்டரியில இருக்குற ஈயம் இதெல்லாம் கூடும். கூட்டிக் கழிச்சா பன்னண்டாயிரம் ஒண்ணும் வாய்க்கு வந்த விலை இல்ல. கதவோட அடியை அழுத்தினதும் அதுக்குத்தான். துருப்பிடிச்ச தகடு உலையில முழுசா இரும்பாகத் திரும்பி வராது.

ஆனா அந்த "கிலோ 30" எங்க இருந்து வருது? அது வாரத்துக்கு வாரம் ஏன் மாறுது? இதுக்குப் பதில் தெரியணும்னா, கார்கள் முதன்முதல்ல கூட்டம் கூட்டமா செத்த நாட்டுக்குப் போகணும். அமெரிக்கா.

20ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில அமெரிக்காவுல பெரும்பாலான எஃகு "ஓப்பன் ஹார்த்"ங்கிற உலையில தயாராச்சு. அந்த உலைக்குள்ள பாதி வரைக்கும்கூடப் பழைய இரும்பு போடலாம். அதனால பழைய காருக்கு எப்பவும் கிராக்கி. 1952ல ஆஸ்திரியாவுல லின்ஸ் நகரத்துல புது மாதிரி உலை ஒண்ணு வந்துச்சு. உருகின இரும்புக்குள்ள ஆக்சிஜனை ஊதுற உலை. பல மணி நேர வேலையை முக்கால் மணி நேரத்துக்குள்ள முடிச்சிடும். ஆனா அதுக்குப் பழைய இரும்பு அவ்வளவா தேவையில்ல. மொத்தத்துல கால் பங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

அமெரிக்க ஆலைகள் ஒவ்வொண்ணா இந்த உலைக்கு மாற மாற, பழைய காரோட விலை விழுந்துச்சு. இன்னொரு சிக்கலும் சேர்ந்துச்சு. சீட்டையும் வயரையும் நீக்குறதுக்குக் காரையே கொளுத்துறதுதான் அதுவரைக்கும் வழக்கம். புகைக்குக் கட்டுப்பாடு வந்ததும் அதுவும் போச்சு. கையால பிரிச்சா கூலி கட்டாது. பிரிக்காமப் போட்டா செம்பு கலந்து எஃகு கெட்டுப் போகும். கடைசியில இழுத்துட்டுப் போற செலவை விட காரோட விலை கம்மி ஆயிடுச்சு. மக்கள் என்ன பண்ணாங்க? நம்பர் பிளேட்டைக் கழட்டிட்டு, காரை ரோட்டோரத்துல விட்டுட்டு நடந்து போயிட்டாங்க. 1965ல அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டத்துல, விளம்பரப் பலகைகளோட சேர்த்து ரோட்டோரக் கார் குப்பைமேடுகளையும் மறைக்கணும்னு எழுதுற அளவுக்கு நிலைமை போச்சு.

இதைச் சரிபண்ணது சட்டம் மட்டும் இல்ல. 1950களோட கடைசியில டெக்சாஸ்ல முழுக் காரையும் கைப்பிடித் துண்டுகளா கிழிச்சு, காந்தத்தால இரும்பை மட்டும் பிரிக்கிற பெரிய ஷ்ரெடர் இயந்திரங்கள் வந்துச்சு. அதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட முழுக்கப் பழைய இரும்பையே உருக்குற மின்சார உலைகள் பெருகுச்சு. செத்த காருக்கு மறுபடி விலை வந்துச்சு.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். இந்த முப்பது வருஷத்துல காருக்குள்ள இருந்த இரும்பு மாறவே இல்ல. எங்கயோ இருக்குற உலை மாறுச்சு, விலையும் மாறுச்சு. நம்ம ஊர்லயும் அதே கதைதான். கும்மிடிப்பூண்டி பக்கம் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி ஆக்குற ஆலைகள் இருக்கு. அங்க கம்பிக்கு ஆர்டர் கூடினா எங்க தெரு காயலான் கடையில விலை கூடும். உங்க அபார்ட்மென்ட் தூணுக்குள்ள யாரோட மாருதியாவது படுத்திருக்கலாம்.

சாகவே விடாத காலம்

சரி, அப்போ புதுப்பேட்டைக்காரர் ஏன் இருபதாயிரம் சொன்னாரு? அவரும் அதே காரைத்தான் பாத்தாரு. ஆனா அவரு அதை இரும்பா பாக்கல. இன்னும் உயிரோட இருக்குற அம்பது அறுபது பொருளோட மூட்டையா பாத்தாரு.

இந்தப் பார்வைக்குப் பின்னாடி இந்தியாவுக்கே உரிய ஒரு வரலாறு இருக்கு. 1953ல, இந்தியாவுலயே தயாரிக்கிற திட்டம் இல்லாம வெறுமனே பாகங்களை இறக்கிப் பூட்டிக் குடுக்கிற கம்பெனிகள் கிளம்பணும்னு அரசு முடிவு பண்ணுச்சு. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்தது கல்கத்தா பக்கம் உத்தரபாரால அம்பாசடர், பம்பாய்ல ஃபியட், நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட். எவ்வளவு தயாரிக்கலாம்ங்கிறது லைசென்ஸ்ல எழுதியிருக்கும். 1983க்கு முன்னாடி மொத்த இந்தியாவுலயும் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கார்கூடத் தயாராகல. பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். 1969ல புதுக் காரோட விலையையே அரசு கட்டுப்படுத்துச்சு. ஷோரூம் விலைக்குக் கட்டுப்பாடு, தெரு விலைக்குக் கிடையாது. அதனால இன்னிக்கு நம்ப முடியாத ஒண்ணு நடந்துச்சு. ஃபியட் மாதிரி கிராக்கி இருந்த வண்டிகளுக்கு, புதுசை விடப் பழசுக்கு விலை ஜாஸ்தி.

அப்படிப்பட்ட நாட்டுல யாரு காரை எடைக்குப் போடுவாங்க? அம்பாசடர் 1958ல இருந்து 2014 வரைக்கும் அடிப்படை உருவம் பெருசா மாறாமலே வந்துச்சு. ஒரு வண்டியோட பாகத்தைப் பல வருஷம் கழிச்சு வந்த இன்னொரு வண்டிக்குத் தட்டித் தடவி மாட்டிடலாம். விபத்துல நசுங்கின கார்கூட சாகல. கதவு ஒரு ஊருக்கு, கியர்பாக்ஸ் ஒரு ஊருக்குன்னு பிரிஞ்சு போய் வாழ்ந்துச்சு.

எழும்பூர் பக்கம் கூவம் கரையில இருக்குற புதுப்பேட்டை இந்த அறிவு மேல நிக்கிற சந்தை. பேரைக் கேட்டதும் உங்களுக்கு 2006ல வந்த தனுஷ் படம் ஞாபகம் வரும். அந்த ஏரியாவை நேர்ல பாத்தா வேற. ஒரு கடை முழுக்க ஹெட்லைட். அடுத்த கடை முழுக்க ரேடியேட்டர். அதுக்கு அடுத்தது ஸ்டீயரிங். ஒரு காரை நூறு பேர் ஞாபகத்துல பிரிச்சு வச்ச மாதிரி இருக்கும். எந்த பாகம் எந்த மாடலுக்குப் பொருந்தும்ங்கிறது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. கடைக்காரர் தலைக்குள்ள இருக்கு.

எங்க வண்டிக்கு அவர் போட்ட கணக்கையும் அவரே சொன்னாரு. மாருதி 800 முதல் சாவி 1983 டிசம்பர் 14ல கைமாறினதுல இருந்து 2014 வரைக்கும் 25 லட்சத்துக்கும் மேல வித்த வண்டி. பாகம் நிறைய கிடைக்கும், அதனால கதவுக்கும் டிக்கிக்கும் பெரிய விலை இல்ல. ஆனா அந்த 796 சிசி இன்ஜின்தான் ஆம்னி வேன்லயும். 800 செத்தாலும் ஆம்னி ஓடுற வரைக்கும் இன்ஜினுக்கு ஆள் வரும். "இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு வந்தீங்கன்னா நானும் கிலோ கணக்குலதான் கேப்பேன் சார்"னாரு. அதாவது அந்த இருபதாயிரம் எங்க காருக்கான விலை மட்டும் இல்ல. ஊருக்குள்ள இன்னும் எத்தனை ஆம்னி ஓடுதுங்கிறதுக்கான விலையும்தான்.

குனிஞ்சு தேடினது என்ன?

முதல்ல வந்தவர் வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தாரே, அதுக்கு இப்போ வரலாம். அவர் தேடினது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். சைலன்சர் குழாய்க்கு நடுவுல புடைச்சுக்கிட்டு இருக்குற ஒரு டப்பா. உள்ள தேன்கூடு மாதிரி பீங்கான். அந்தப் பீங்கான் மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்ங்கிற உலோகங்கள் சில கிராம் பூசியிருக்கும். புகையில இருக்குற நச்சு வாயுக்களை மாத்திவிடுறது அதோட வேலை.

இந்தியாவுல 1995 ஏப்ரல்ல டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நாலு ஊருக்கும் புதுசா விக்கிற பெட்ரோல் காருக்கு இது கட்டாயம் ஆச்சு. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டா இது கெட்டுப்போகும்ங்கிறதால, ஈயம் இல்லாத பெட்ரோலும் அப்பவே இந்த ஊர்களுக்கு வந்துச்சு. சென்னையில 1994ல வாங்கின மாருதியும் 1996ல வாங்கின மாருதியும் பாக்க ஒண்ணுதான். எடைக்குப் போட்டாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா சில கிராம் உலோகம் ரெண்டையும் வேற வேற விலை ஆக்கிடும். 2021 மார்ச்ல ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரைத் தாண்டுச்சு. அப்போ தங்கம் 1,700 டாலர் அளவுலதான் இருந்துச்சு. அந்தச் சமயத்துல பல நாடுகள்ல நிறுத்தி வச்ச கார் அடியில இருந்து இந்த டப்பாவை மட்டும் அறுத்துட்டுப் போற திருட்டு பெருகினது இதனாலதான்.

எங்க வண்டியில அது இல்ல. எப்பவோ சைலன்சர் மாத்தினப்ப போயிருக்கு. அந்த இடத்துல வெறும் குழாய். அப்பாவுக்கு அது இருந்ததே தெரியாது, போனதும் தெரியாது. "அதான் அன்னிக்கு சைலன்சருக்கு கம்மியா வாங்கினானா?"ன்னு மட்டும் கேட்டாரு.

விலை பூஜ்ஜியத்துக்குக் கீழ போகலாமா?

போகலாம். ஜப்பான்ல போயிருக்கு.

ஷ்ரெடர்ல கார் கிழிஞ்சதும் உலோகம் ஒரு பக்கம் வரும். இன்னொரு பக்கம் சீட்டு நுரை, ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி, எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு குப்பை வரும். அதை யாரும் வாங்க மாட்டாங்க. ஜப்பான்ல தெஷிமான்னு ஒரு சின்னத் தீவு. வருஷக்கணக்கா இந்தக் குப்பையையும் வேற தொழிற்சாலைக் கழிவையும் சட்டவிரோதமா கொண்டுவந்து கொட்டி, எரிச்சிருக்காங்க. 1990ல போலீஸ் நடவடிக்கை எடுத்த அப்புறம்தான் நாட்டுக்கே தெரிஞ்சுது. அந்த மண்ணைச் சுத்தம் பண்ண பல வருஷம் ஆச்சு.

2005ல ஜப்பான்ல கார் மறுசுழற்சிச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. புதுக் கார் வாங்கும்போதே, அது சாகுறப்போ ஆகுற சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்துக் கட்டிடணும். ஏசி வாயு, ஏர்பேக், அந்தக் குப்பை, மூணுக்கும். யோசிச்சுப் பாருங்க, கார் பொறந்த அன்னிக்கே அதோட இறுதிச் செலவைக் கட்டுறாங்க.

இதைப் படிச்ச அப்புறம் எங்க வாசல்ல கேட்ட விலைகளை வேற மாதிரி பாத்தேன். பழைய இன்ஜின் ஆயில், கூலன்ட், பேட்டரி ஆசிட், ஏசி வாயு இதையெல்லாம் மண்ணுலயும் காத்துலயும் விட்டா செலவே இல்ல. அந்தச் செலவை ஏத்துக்கிறவர் கம்மியாத்தான் தர முடியும். நமக்குக் கிடைக்கிற கூடுதல் ஆயிரம் ரூபாய், சில சமயம் கூவத்தோட கணக்குல இருந்து வருது. வெறுங்கையால வெட்டுற பையனோட கணக்குல இருந்தும் வருது.

அந்த மூவாயிரம்

இப்போ காகிதத்துக்கு வருவோம்.

2021 மார்ச்ல மத்திய அமைச்சர் நிதின் கட்கரி வாகன ஸ்க்ராப் கொள்கையை நாடாளுமன்றத்துல அறிவிச்சாரு. செப்டம்பர்ல விதிகள் வந்துச்சு. பதிவு பெற்ற மையத்துல பழைய வண்டியக் குடுத்தா "சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட்"னு ஒண்ணு தருவாங்க. அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினா பதிவுக் கட்டணம் இல்ல. சொந்த உபயோக வண்டிக்கு சாலை வரியில 25 சதவீதம் வரைக்கும் மாநிலங்கள் சலுகை தரலாம். தயாரிப்பாளர்கள் 5 சதவீதம் தள்ளுபடி தரணும்னு அரசு கேட்டுக்கிச்சு. ஸ்க்ராப் விலை, புது வண்டியோட ஷோரூம் விலையில 4ல இருந்து 6 சதவீதம் வரைக்கும் கிடைக்கும்னு அறிவிப்புல சொன்னாங்க. 4 லட்ச ரூபாய் கார்னா 16,000ல இருந்து 24,000. இது உத்தேசக் கணக்கு. எங்களுக்குக் கிடைச்சது 14,000.

இதுல ஒண்ணைக் கவனிங்க. அந்தச் சலுகை எல்லாம் புதுக் கார் வாங்குறவங்களுக்கு. 2009ல ஜெர்மனியும் அமெரிக்காவும் இதே மாதிரி செஞ்சப்போ மறைக்கவே இல்ல, பொருளாதார நெருக்கடியில கார் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தத்தான் செஞ்சாங்க. ஜெர்மனியில பழைய காருக்கு 2,500 யூரோ. அமெரிக்காவுல 4,500 டாலர் வரைக்கும். அமெரிக்கத் திட்டத்துல ஒரு விதி இருந்துச்சு. நல்லா ஓடுற இன்ஜினா இருந்தாலும் ஆயிலை வடிச்சிட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊத்தி, ஓடவிட்டு, அது இறுகிச் சாகுற வரைக்கும் நிக்கணும். சுமார் 6.8 லட்சம் வண்டிகளை அப்படி முடிச்சாங்க. எங்க அப்பா மாதிரி, இனிமே மெட்ரோலயே போயிக்கிறேன்னு சொல்ற ஆளுக்கு அந்தச் சர்டிஃபிகேட்டால தள்ளுபடி ஒண்ணும் கிடையாது.

அப்போ அந்தக் காகிதத்துக்கு எங்க வீட்டுல என்ன மதிப்பு? இங்கதான் மூவாயிரத்துக்கு விடை கிடைச்சுது.

1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்துல 55ஆவது பிரிவு. வண்டி அழிஞ்சு போனாலோ, இனி ஓடவே முடியாத நிலைக்குப் போனாலோ, உரிமையாளர் 14 நாளுக்குள்ள, முடியலன்னா கூடிய சீக்கிரம், பதிவு அலுவலகத்துக்குச் சொல்லணும். அவங்க பதிவை ரத்து பண்ணுவாங்க. ரத்து ஆகாத வரைக்கும், வண்டி துண்டு துண்டா போயிருந்தாலும் அரசுப் பதிவேட்டுல அது உயிரோட இருக்கு. உங்க பேர்ல. 2018ல உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்குல தெளிவா சொல்லிடுச்சு: வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும், பதிவேட்டுல யாரு பேர் இருக்கோ அவங்கதான் சட்டத்தோட பார்வையில உரிமையாளர். இழப்பீடும் அவங்க பொறுப்பு.

இதோட இன்னொரு பக்கம் என்னன்னா, உயிரோட இருக்குற ஒரு நம்பரும், சேஸ் நம்பர் இருக்குற ஒரு தகடும், ஒரு ஒரிஜினல் ஆர்.சி. புக்கும் இருந்தா, திருடின வேற ஒரு வெள்ளை மாருதிக்கு அதை மாட்டிவிடலாம். அதனாலதான் பதிவு பெற்ற மையத்துல வண்டிய அழிச்சதுக்குத் தனிச் சான்றிதழும், சேஸ் நம்பர் இருக்குற தகடு பத்திரமா இருக்கணும்ங்கிற விதியும். எங்க தெருக்காரர் அந்தக் காரியத்துக்குத்தான் கேட்டாருன்னு நான் சொல்லல. அவருக்கு அந்த மூவாயிரத்தைத் தர்றது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா மூவாயிரம் ரூபாய்க்கு அவர் கேட்டது காகிதத்தை இல்ல. எங்க அப்பா பேரை.

இதை அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் புதுப்பேட்டைக்காரருக்குப் போன் பண்ணி, "தம்பி, பதிவை ரத்து பண்ணி லெட்டர் வாங்கித் தருவீங்களா?"ன்னு கேட்டாரு. அவரு நேர்மையா பதில் சொன்னாரு. "சார், நான் பொருளுக்குத்தான் கேரண்டி. அந்த லெட்டருக்கு அலையுறது உங்க பாடு. எனக்கு இருக்குறது ஒரு ஷட்டர் கடை. மையம் வைக்க இடம், மெஷின், கழிவுநீர் தொட்டின்னு எவ்வளவோ கேக்குறாங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அது எட்டாது."

அப்பா பதினாலாயிரத்துக்கு மையத்துக்கே குடுத்தாரு. ஆறாயிரம் கம்மி. "எனக்கு அப்புறம் இந்த வண்டி என் பேர்ல எங்கயும் நிக்கக் கூடாதுப்பா"ன்னாரு.

எனக்கு அதுல முழுத் திருப்தி இல்லங்கிறதையும் சொல்லணும். மெக்கானிக் அண்ணன் இன்னிக்கும் "நல்ல இன்ஜின் தம்பி அது"ன்னு சொல்லுவாரு. ஒரு ஆம்னிக்காரருக்கு இன்னும் நாலு வருஷம் சோறு போட்டிருக்கும். புது விதிகள் பேருக்கும் மண்ணுக்கும் பாதுகாப்பு குடுக்குது. ஆனா எந்தப் பாகம் இன்னும் உயிரோட இருக்குன்னு கண்ணை மூடிக் கேட்டே சொல்லுற அந்தக் கடைக்காரருக்கு அந்த வேலிக்குள்ள இடம் வைக்கல. ரெண்டையும் சேர்த்து வைக்கிற ஒரு வழி வேணும்.

நீங்க யாராவது வீட்டு வாசல்ல கார் வச்சிருந்தா, இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. முதல்ல எடை. வண்டி எடையில 70 சதவீதத்தை உங்க ஏரியா இரும்பு விலையால பெருக்குங்க. அதுதான் அடிமட்டம். ரெண்டாவது, இன்ஜின், கியர்பாக்ஸ், டயர், ஏசி எது ஓடுதுன்னு எழுதி வச்சுக்கோங்க, அதே இன்ஜின் வேற எந்த வண்டியில இருக்குன்னும் பாருங்க. மூணாவது, குனிஞ்சு ஒரு தடவ அடியில பாருங்க, அந்த டப்பா இருக்கா? கடைசியா, எந்த விலை சொன்னாலும், பதிவு ரத்து ஆன காகிதம் உங்க கைக்கு வருமான்னு கேளுங்க. விலை சொல்றவர் உங்க காரைப் பாத்து மட்டும் சொல்லல, அதை வச்சு அடுத்து என்ன பண்ணப் போறாருங்கிறதையும் சேர்த்துத்தான் சொல்றாரு. அது உலையா, ஆம்னியா, இல்ல உங்க பேரான்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடுங்க.

வாசல்ல இப்போ துளசி மாடம் இருக்கு. பூனை மட்டும் இன்னும் அந்த இடத்துலதான் வந்து படுக்குது. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.